அம்மா வரக் கூடாத கதை

அலுவலகத்தில் அவளுக்குத் துருவி என்று பெயர். இன்சூரன்ஸ் கம்பெனியில் இழப்பீடு கேட்டு வருகிறவர்கள் சொல்வதைக் கேட்டு, அதில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று கண்டுபிடிப்பது அவள் வேலை. கடை எரிந்துபோனது என்று ஒருவர் கண்ணீர் விட்டால், எரியும்போது உங்கள் நாய் எங்கே இருந்தது என்று கேட்பாள். வண்டி கவிழ்ந்தது என்றால், கவிழ்ந்த பிறகு எந்தக் காலில் செருப்பு இருந்தது என்று கேட்பாள். தேங்காய் துருவுகிறவர்கூட சிரட்டை வந்தால் நிறுத்திவிடுவார், இவள் சிரட்டையையும் சேர்த்துத் துருவுவாள் என்று மேனேஜரே சொல்லிச் சிரிப்பார். அவளுக்கு அந்தப் பேச்சில் கொஞ்சம் பெருமைதான்.

இப்படிப்பட்டவளுக்குக் குழந்தைகள் புத்தகம் எழுதும் ஆசை வந்ததற்கு மகள்தான் காரணம். எட்டு வயது, வீட்டில் வாண்டு என்று கூப்பிடுவார்கள். தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை. எந்தக் கதைப் புத்தகத்தைக் கொடுத்தாலும், "கரடி எப்படிம்மா சாவி வெச்சிருக்கும்? அதுக்குப் பாக்கெட்டே இல்லையே" என்று பாதியில் மூடி வைத்துவிடும். ஒரு நாள் சோறு ஊட்டும்போது அம்மா தானாகவே ஒரு கதை சொன்னாள். வாண்டு ஒரு கேள்வியும் கேட்கவில்லை. வாயில் இருந்த சோற்றை மெல்லக்கூட மறந்துபோய் உட்கார்ந்திருந்தது. ஓட்டை இல்லாத கதை ஒன்று தன்னிடம் இருக்கிறது என்று துருவி அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டாள்.

அந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை இப்போதே சொல்லிவிடுவது நல்லது. வீட்டுக்குப் பின்னால் இரண்டு தெரு தள்ளி ஓர் ஐஸ் ஃபேக்டரி மூடிக் கிடக்கிறது. உள்ளே வரிசையாக நான்கு குளிர் அறைகள். ஒவ்வொன்றின் கதவும் ஒரு சாண் கனம், வெளியிலிருந்துதான் திறக்க முடியும். உள்பக்கத்துப் பிடிகள் உடைந்து பல காலம் ஆகியிருந்தது. ஃபேக்டரி ஓடிக்கொண்டிருந்த நாளில், ஒரு வார இறுதியில், அங்கே வேலை பார்த்த ஒருவர் உள்ளே மாட்டிக்கொண்டார். மறுபடி ஆட்கள் வேலைக்கு வந்து கதவைத் திறந்தபோது அவரால் எழுந்து வர முடியவில்லை. உயிர் போய்விட்டிருந்தது. அந்த இழப்பீட்டை விசாரிக்கப் போனவள் துருவிதான். "கத்தியிருப்பாரே, யாருக்குமே கேக்கலையா?" என்று வழக்கம்போலத் துருவினாள். சூப்பர்வைசர் அவளை வெளியே நிற்க வைத்துவிட்டுத் தான் உள்ளே போய், கதவைச் சாத்தச் சொன்னார். கொஞ்ச நேரம் கழித்துத் திறந்தபோது அவர் முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்திருந்தது. உள்ளேயிருந்து தொண்டை கிழியக் கத்தினாராம். அவள் காதில் ஈ பறந்த சத்தம்கூட விழவில்லை.

மகளுக்குச் சொன்னபோது அந்த மனிதரை எடுத்துவிட்டு ஒரு வெள்ளைப் பூனைக்குட்டியை வைத்தாள். மூடிய ஃபேக்டரிக்குள் பூனைக்குட்டி போய்விடுகிறது, அதைத் தேடி ஒரு சிறுமி போகிறாள். செத்தவரை எடுத்துவிட்டால் அது குழந்தைக் கதையாகிவிடும் என்று அந்தப் புத்திசாலி நினைத்தாள். இடம் அதே இடம், கதவு அதே கதவு.

எழுதியதை எடுத்துக்கொண்டு குழந்தைப் புத்தகம் போடும் ஒரு பதிப்பகத்துக்குப் போனாள். அங்கே இருந்த எடிட்டர் அம்மாள் நல்லவர்தான். படித்துப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்துச் சிரித்தார். முதல் வடிவத்தில், பூனைக்குட்டி காணோம் என்றதும் சிறுமி ஓடிப்போய் அம்மாவிடம் சொல்கிறாள், அம்மா வாட்ச்மேனைக் கூப்பிடுகிறாள், வாட்ச்மேன் கதவைத் திறக்கிறார், பூனைக்குட்டி பால் குடிக்கிறது.

"உங்க கதையில வர்ற அம்மா ரொம்பக் கெட்டிக்காரிம்மா. கதை நடக்கவே விடமாட்டேங்கிறாங்க" என்றார் எடிட்டர்.

"வேற என்ன மேடம் பண்றது? பிள்ளை அம்மாகிட்டதானே சொல்லும்?"

"சொல்லக் கூடாது. குழந்தைக் கதையில மொத வேலையே பெரியவங்களைத் தள்ளி வெக்கிறதுதான். அம்மா வந்துட்டா கதை முடிஞ்சுபோச்சு. பதினாலு காட்சி வேணும் எனக்கு. அதுல ஒரு பெரியவங்க தலைகூட தெரியக் கூடாது."

இதில் தப்பாக ஒன்றும் இல்லை. அந்தத் தொழிலில் எல்லோரும் சொல்வதைத்தான் அவரும் சொன்னார். ஆனால் யாரிடம் சொன்னார் என்பதுதான் விஷயம். ஓட்டையை அடைப்பதையே உயிராக நினைக்கிறவளிடம், ஒரு பிள்ளை ஆபத்துக்குள் போவதைப் பெரியவர்கள் எந்த வழியிலும் தெரிந்துகொள்ளாதபடி அடைத்துக் கொண்டு வா என்று சொல்லி அனுப்பினார்.

வீட்டின் பின் அறையில் துணிக்கொடியில் பதினான்கு அட்டைகளைக் கிளிப் போட்டுத் தொங்கவிட்டாள். ஓர் அட்டைக்கு ஒரு காட்சி. வாண்டு கீழே பாயில் மல்லாந்து படுத்துக்கொண்டு அண்ணாந்து பார்க்கும். ஆபீஸ் விட்டு வந்ததும் இரண்டு பேரும் இதே வேலை. துணி காயப்போட இடமில்லாமல் அவள் கணவனின் சட்டைகள் ஜன்னல் கம்பியில் தொங்கின. அவன் டவுன் பஸ் ஓட்டுகிறவன். ஷிப்ட் முடிந்து வந்தால் சாப்பாடு, தூக்கம், இரண்டும்தான் வேண்டும். ஆத்தாளும் மகளும் என்னவோ பண்ணுகிறார்கள் என்று விட்டுவிட்டான்.

"சரி, பொண்ணு ஸ்கூல் விட்டதும் ஃபேக்டரிக்குப் போகணும். அம்மாவுக்குத் தெரியக் கூடாது. எப்படி?" என்று கேட்டாள் துருவி.

வாண்டு யோசிக்கவே இல்லை. "அம்மா, அவ கீழ்வீட்டு டீச்சர்கிட்ட இருக்கான்னு நெனச்சுப்பாங்க. டீச்சர், அவ அம்மாகூட இருக்கான்னு நெனச்சுப்பாங்க."

வாண்டுவும் பள்ளி விட்டால் கீழ்வீட்டு டீச்சரிடம்தான் போகும். வீட்டுப்பாடம் எழுதிவிட்டு, அம்மா ஆபீசிலிருந்து வரும்வரை அங்கேயே இருக்கும். துருவிக்கு மகளின் மூளையை நினைத்துப் பூரிப்புத் தாங்கவில்லை. ஆனாலும் தொழில் புத்தி விடுமா?

"டீச்சர் போன் பண்ணிக் கேட்டாங்கன்னா?"

"கேப்பாங்களா?"

"கேப்பாங்கடி. பாப்பா இன்னிக்கு வரலையேன்னு ஒரு வார்த்தை கேட்டா போச்சு, குட்டு உடைஞ்சிடும்." கொஞ்சம் யோசித்தாள். இருபது வருஷம் பொய் கேட்ட அனுபவம் கை கொடுத்தது. "பொய்யில கொஞ்சம் வெக்கப்படுற விஷயம் இருந்தா யாரும் திருப்பிக் கேக்கமாட்டாங்க. தலையில பேன், அம்மா டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறாங்கன்னு சொல்லிட்டா? டீச்சர் நாலடி தள்ளி நின்னுப்பாங்க. போன் பண்ணி, பேன் செத்துச்சான்னு கேக்கவா போறாங்க?"

வாண்டு உருண்டு உருண்டு சிரித்தது. அட்டையில் எழுதிக் கிளிப் போட்டார்கள். பையை எங்கே வைப்பது? யாராவது பார்த்துவிடுவார்களே? மின்கம்பத்துக்குப் பின்னால், குப்பைத் தொட்டி மறைவில். ஓட்டை அடைந்தது. ஃபேக்டரிக்கு எதிரே வெல்டிங் கடையில் இருப்பவர் பார்த்தால்? அவர் வெல்டிங் வைக்கும்போது முகமூடி போட்டிருப்பார், அந்த நேரம் பார்த்து நுழைய வேண்டும். அதுவும் அடைந்தது. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, இவள் மகளையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு வைத்தாள்.

கதவில் முழங்காலை இடித்துக்கொள்ளும் காட்சி வந்தபோது, "இங்க அவ 'அம்மா'ன்னு கத்தட்டும்" என்றது வாண்டு.

"கத்தக் கூடாது."

"வலிக்கும்ல?"

"வலிக்கட்டும். அம்மான்னு வாயைத் தொறந்தா அம்மா வந்து நிக்கணும். அப்புறம் கதை கெட்டுடும். நம்ம பொண்ணு தைரியசாலி, கூப்பிடவே மாட்டா."

வாண்டு அதை நெஞ்சில் வாங்கிக்கொண்டது. பிள்ளைகள் அப்படித்தான். நாம் எதை முக்கியம் என்று சொல்கிறோமோ அதை விட்டுவிடுவார்கள், போகிறபோக்கில் சொன்னதைப் பிடித்துக்கொள்வார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளைக் கூட்டிக்கொண்டு ஃபேக்டரி வாசலுக்கே போனாள். சங்கிலி போட்டுப் பூட்டிய இரும்புக் கேட். ஓரத்தில் தகரம் கிழிந்து ஒரு சந்து இருந்தது. "எங்க, நுழைஞ்சு காட்டு" என்றாள். வாண்டு பக்கவாட்டில் திரும்பி மூச்சை இழுத்துப் பிடித்து உள்ளே போய் வெளியே வந்தது. பிறகு அவள் நுழைந்து பார்த்தாள். தோளே போகவில்லை. "சபாஷ்! பிள்ளை போகலாம், அம்மா போக முடியாது" என்று கைதட்டினாள். அந்தக் கைதட்டலை நினைத்தால் எனக்கு இன்னும் அவளை அறையத் தோன்றுகிறது. அறைகிறவர் யாரும் அன்றைக்கு அங்கே இல்லை.

கணவன் மட்டும் ஒரு தடவை வாயைத் திறந்தான். சட்டையைத் தேடி அந்த அறைக்கு வந்தவன் அட்டைகளை முதலிலிருந்து படித்துவிட்டு, "பிள்ளைக்கு எப்படிப் பொய் சொல்றதுன்னு பாடம் எடுக்கிறியா?" என்றான்.

"கதைங்க. உங்களுக்குப் புரியாது."

"எனக்குப் புரியறது இருக்கட்டும். அவளுக்கு அது கதைன்னு புரியுதா?"

அவள் அடுத்த அட்டையை எடுத்துக் கிளிப் போட்டாள். கேள்வி கேட்டே பழகியவளுக்கு, தன்னை யாராவது கேள்வி கேட்டால் பிடிக்காது.

பதினொரு அட்டைகள் நிறைந்துவிட்டன. கடைசி மூன்று வெறுமையாகத் தொங்கின. சிறுமி உள்ளே போய்விட்டாள், சாய்ந்த தரையில் கதவு தானாக நகர்ந்து வந்து மூடிக்கொண்டுவிட்டது. இனி எப்படி வெளியே வருவாள்? பெரியவர் வரக் கூடாது, கூப்பிடக் கூடாது, உள்ளே பிடி கிடையாது. எல்லா ஓட்டையையும் அவளே அடைத்துவிட்டிருந்தாள். நாள் கணக்காக மண்டையை உடைத்துக்கொண்டாள். எடிட்டர் வேறு இரண்டு தடவை போன் செய்துவிட்டார். சமையலில் உப்பு கூடியது, ஆபீசில் ஒரு கேஸில் பெயரை மாற்றிப் படித்தாள்.

"வேற வழி இருக்கும்மா. சின்னதா ஏதாவது இருக்கும்" என்றது வாண்டு.

"இல்லடி. நான் உள்ள போய்ப் பாத்திருக்கேன்."

"நீ பெரியவங்க பாக்கிற மாதிரி பாத்திருப்பே. கீழ பாத்தியா? மூலையில?"

துருவி தலையைக்கூடத் தூக்கவில்லை. அட்டையில் எதையோ அடித்துக்கொண்டிருந்தாள். "அப்ப நீயே போய்க் கண்டுபிடிச்சுட்டு வந்து சொல்லு, போ."

தினமும் ஒவ்வொரு வீட்டிலும் பத்துத் தடவை சொல்கிற வார்த்தைதான். நுணலும் தன் வாயால் கெடும் என்பதை அவள் பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறாள். படித்து என்ன?

அடுத்த வாரத்தில் ஒரு நாள் ஆபீசில் கரண்ட் போய், மதியத்துக்கு மேல் எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பள்ளி விடுவதற்குள் வீட்டுக்கு வந்துவிட்டாள். வாண்டு வழக்கம்போலக் கீழே டீச்சர் வீட்டுக்குப் போய்விடும், ஆறு மணிவரை தொந்தரவு இல்லை என்று நினைத்துக்கொண்டாள். பிள்ளையைக் கூப்பிட்டு வைத்துக்கொள்ளலாம் என்றுகூடத் தோன்றியது. வேண்டாம், கடைசி அட்டைகளை முடித்துவிடலாம் என்று பின் அறையில் உட்கார்ந்தாள். வீடு அமைதியாக இருந்தது. அந்த அமைதியை அவள் ரசித்தாள் என்பதைச் சொல்லாமல் விட முடியாது. ஒரு தம்ளர் காப்பியைக் கலந்து வைத்துக்கொண்டு, கதவுக்குப் பின்னால் இருட்டில் உட்கார்ந்திருக்கும் ஒரு சிறுமி என்ன செய்வாள் என்று நிதானமாக யோசித்தாள். அழுவாளா? முதலில் அழமாட்டாள். சுவரைத் தடவுவாள். பிறகு? ஒன்றும் பிடிபடவில்லை.

வெளியே வெயில் இறங்கிவிட்டது. பால் வாங்கப் போகலாம் என்று படியிறங்கியபோது கீழ்வீட்டு டீச்சர் எதிரே வந்தார். துருவியைப் பார்த்ததும் அவர் ஒரு படி பின்னால் இறங்கி நின்றுகொண்டார்.

"வந்துட்டீங்களா? டாக்டர் என்ன சொன்னாரு?"

"எந்த டாக்டர்?"

டீச்சர் குரலைத் தாழ்த்தினார். "அதாம்மா... பேனுக்கு. வாண்டு ஸ்கூல் விட்டதுமே வாசல்ல நின்னு சொல்லிட்டுப் போச்சு. நான் யார்கிட்டயும் சொல்லல. பிள்ளைங்கன்னா இதெல்லாம் சகஜம்தான். போன் பண்ணிக் கேக்கலாம்னு பாத்தேன், அப்புறம் நீங்க சங்கடப்படுவீங்களேன்னுதான்..."

அதற்குப் பிறகு டீச்சர் சொன்னது எதுவும் அவள் காதில் ஏறவில்லை. வேறு எந்தத் தாயாக இருந்தாலும், எங்கே போனாள் என் பிள்ளை என்று ஊரெல்லாம் தேடியிருப்பாள். இவளுக்குத் தேட வேண்டியிருக்கவில்லை. எங்கே, எந்த வழியாக, எந்தக் கதவுக்குப் பின்னால் என்பதெல்லாம் தெரியும். தெரியாதது ஒன்றே ஒன்று, அந்தக் கடைசி மூன்று அட்டை. பால் பாத்திரத்தைப் படியிலேயே போட்டுவிட்டு ஓடினாள்.

மின்கம்பத்துக்குப் பின்னால், குப்பைத் தொட்டி மறைவில், வாண்டுவின் பள்ளிப் பை இருந்தது.

சந்துக்குள் நுழையப் பார்த்தாள். தோள் போகவில்லை. தகரம் கழுத்தைக் கீறியது, ஜாக்கெட் கிழிந்தது. முட்டி மோதினாள், வயிற்றை எக்கினாள், தலையை மட்டும் உள்ளே விட்டுக் கூப்பிட்டாள். இருட்டான முற்றத்தில் அவள் குரல் மட்டும் கேட்டது. பெரியவர்கள் யாரும் வர முடியாத சந்தாக அவளே பார்த்துப் பார்த்துப் பொறுக்கியதல்லவா! எதிரே வெல்டிங் கடையில் பொறி பறந்துகொண்டிருந்தது. ஓடிப்போய் அவர் கையைப் பிடித்து இழுத்தாள்.

"அண்ணே, அந்தச் சங்கிலியை அறுங்க! என் பொண்ணு உள்ள இருக்கா."

அவர் முகமூடியைத் தூக்கினார். "உள்ளயா? யாரும் போகலையேம்மா. மதியத்துலேருந்து இங்கதான் இருக்கேன். பிள்ளை மாட்டியிருந்தா கத்தியிருக்குமே, எனக்குக் கேட்டிருக்குமே."

"கேக்காதுண்ணே. அங்கேருந்து கேக்காது. உங்க கால்ல வேணா விழறேன், அறுங்க!"

அவர் கட்டிங் மெஷினின் வயரை இழுத்துக்கொண்டு வந்து சங்கிலியை அறுத்தார். மெஷின் ஓடுகிற நேரமெல்லாம், அந்தக் கதவுக்குள் காற்று எவ்வளவு நேரம் தாங்கும் என்று சூப்பர்வைசரிடம் தான் கேட்டதும் அவர் சொன்னதும் அவள் தலைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. அன்றைக்கு அந்தப் பதிலைக் குறித்துக்கொண்டு ஒரு டீயும் குடித்துவிட்டு வந்திருந்தாள்.

கதையில் வருவது மூன்றாவது கதவு. அதைத்தான் முதலில் திறந்தார்கள். இரண்டு பேரும் சேர்ந்து துருப்பிடித்த நெம்புகோலில் தொங்க வேண்டியிருந்தது. உள்ளே யாரும் இல்லை. முதல் கதவு, இல்லை. இரண்டாவது, இல்லை. நான்காவதை வெல்டர்தான் இழுத்தார். செல்போன் வெளிச்சத்தில் மூலையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு வாண்டு உட்கார்ந்திருந்தது. உயிர் இருந்தது. வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கியது. விரல் நுனியெல்லாம் தேய்ந்து ரத்தம் கட்டியிருந்தது. முகம் வெளிறி, மூச்சு வேகவேகமாக வாங்கியது. அழவில்லை.

"வேற வழியே இல்லம்மா" என்றது. "இந்தக் கதவுதான் தெறந்து கெடந்துச்சு, நான் வந்ததும் தானா மூடிக்கிச்சு. கீழயும் பாத்துட்டேன். மூலையெல்லாம் தடவிட்டேன். நீ சொன்னதுதான் சரி."

வாரி எடுத்து நெஞ்சோடு இறுக்கிக்கொண்டாள். வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்த பிறகுதான் அவளுக்கு வாயே வந்தது. "கூப்பிட்டியாடி கண்ணு? அம்மாவைக் கூப்பிட்டியா? எனக்குக் கேக்கலையேடி!"

"கூப்பிடல."

"ஏண்டி?"

"கூப்பிடக் கூடாதுல்ல" என்றது வாண்டு, இதுகூடத் தெரியாதா என்பதுபோல.

கூப்பிட்டிருந்தாலும் கேட்டிருக்காது. அது வேறு. அந்த இருட்டில், அவ்வளவு நேரம், ஓர் எட்டு வயதுப் பிள்ளை அம்மாவின் கதை கெட்டுப்போய்விடக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. வெல்டர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

அன்றைக்கு இரவு கணவன் எதுவும் கேட்கவில்லை. கொடியிலிருந்து அட்டைகளை உருவி மூட்டை கட்டிப் போட்டுவிட்டுச் சட்டைகளைக் கொண்டுவந்து தொங்கவிட்டான். திட்டியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும். எடிட்டர் போன் செய்தபோது முடியவில்லை மேடம் என்று மட்டும் சொன்னாள். அவர் ரொம்ப வருத்தப்பட்டார். அம்மா இல்லாமல் எவ்வளவு அழகாக நகர்ந்த கதை என்றார்.

வாண்டு மறுநாளே ஓடி விளையாடியது. பயந்த மாதிரி தெரியவில்லை. நல்லபடியாகப் போயிற்று, கண்டத்தைத் தாண்டிவிட்டது என்று எல்லோரும் சொன்னார்கள். துருவிக்கும் அப்படி நம்பத்தான் ஆசை. ஆனால் துருவுகிற புத்தி வேலை செய்துகொண்டே இருந்தது. பிள்ளை முன்பெல்லாம் குளித்துவிட்டுத் துண்டுக்குக் கூப்பிடும். இப்போது சொட்டச் சொட்ட நடந்துபோய்த் தானே எடுத்துக்கொள்கிறது. கரப்பான்பூச்சியைப் பார்த்தால் வீடே இரண்டுபடும். இப்போது கட்டிலில் ஏறி நின்றுகொண்டு, அது போகும்வரை பேசாமல் பார்த்துக்கொண்டிருக்கிறது.

இரண்டு மாதம் கழித்து ஒரு நாள் சாப்பிடும்போது இடது கையால் ஸ்பூனைப் பிடித்திருந்தது. வலது கையை மடியில் மறைத்துவைத்திருந்தது. இழுத்துப் பார்த்தாள். மணிக்கட்டு பூரிக்கட்டை போல வீங்கி நீலம் பாய்ந்திருந்தது. விளையாடும்போது விழுந்ததாம்.

எலும்பு டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "உடைஞ்சு ரெண்டு மூணு நாள் இருக்கும் போலிருக்கே. இந்த வலிக்குப் பெரியவங்களே ஊரைக் கூட்டுவாங்க. பாப்பா ஒண்ணும் சொல்லலையா?"

துருவி மகளின் முகத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

"எலும்பை நேராக்கணும். ஊசி போட்டிருக்கேன், இருந்தாலும் கொஞ்சம் வலிக்கும்" என்று டாக்டர் வாண்டுவின் பக்கத்தில் உட்கார்ந்தார். "வலிச்சா அம்மான்னு நல்லாக் கத்து, என்ன? இங்க யாரும் திட்டமாட்டாங்க. எல்லாரும் அப்படித்தான் கத்துவாங்க."

அவர் பிடித்து இழுத்தார். வாண்டுவின் உடம்பு வில்லாக வளைந்தது. கண்ணிலிருந்து நீர் தானாகக் கொட்டியது. உதட்டைப் பல்லால் கடித்துக்கொண்டு அம்மாவையே பார்த்தது. அந்தப் பார்வையில் கோபமில்லை, சரியாகச் செய்கிறேனா என்று கேட்கிற மாதிரிதான் இருந்தது.

"கத்துடி" என்று துருவி கெஞ்சினாள். "கூப்பிடுடி கண்ணு, அம்மா இங்கதானே இருக்கேன். ஒரே ஒரு தடவை கூப்பிடு."

மாவுக்கட்டுப் போட்டு முடித்தார்கள். அது காயும்வரை வராந்தாவில் உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்து அறையில் யாரோ ஒரு பெரிய மனிதர், எலும்பை இழுத்தபோது, "அம்மா! அம்மா!" என்று கட்டடமே அதிரக் கத்தினார். வாண்டு அந்தக் கதவைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "பாவம், அவருக்குத் தெரியல" என்று மெதுவாகச் சொன்னது.